செல்வநாயகி ஏறாத பஸ்

செல்வநாயகி அக்கா ஒரு வில்லையை மூன்று இடத்தில் தட்டுவார். இடது கையின் விரல் நுனிகளில் அதைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் இருக்கும் கரண்டிக் காம்பால் மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. கரண்டியின் தலை எப்போதோ உடைந்துவிட்டது. காம்பு மட்டும் பத்தொன்பது வருஷமாக அவரிடம் இருக்கிறது. தட்டும்போது தலை லேசாக இடப்பக்கம் சாயும். ஒலி நீண்டு போனால் நல்ல வில்லை. வலப்பக்கத் தட்டில் வைப்பார். டொக்கென்று அடங்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். காலடியில் இருக்கும் கூடையில் போடுவார். போடும்போது அதைப் பார்க்கக்கூட மாட்டார். அடுத்தது ஏற்கெனவே விரலில் இருக்கும்.

எப்போதாவது ஒரு வில்லையை நான்காவது முறையும் தட்டுவார். அது தட்டுக்கும் போகாது, கூடைக்கும் போகாது. முந்தானையைச் சரிசெய்வதுபோலக் கை மடிக்குப் போகும். திரும்பி வரும்போது காலியாக இருக்கும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கடைசிக்கு முந்தின வரிசையில் இருக்கிறது எங்கள் யூனிட். இஸ்திரிப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் உள்ளே கரண்ட் தாண்டாமல் இருக்க வைக்கும் வெள்ளை வில்லைகள் செய்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், பிஸ்கட் கனம். வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். செல்வநாயகி அக்காவின் மேசையிலிருந்து வரும் தட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது என் வேலை. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே பத்தடி. எனக்கு அவ்வளவாகப் பேச வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான்காவது தட்டை நான் கவனித்த மாதம் யூனிட்டில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். புதிதாக ஒரு வில்லை செய்திருந்தோம். நடுவில் மூன்று துளை, ஓரத்தில் ஒரு வெட்டு. அச்சு சரியாக வரவே நான்கு மாதம் ஆனது. சரக்கு வெளியே போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. எஸ்டேட்டிலேயே இன்னொரு யூனிட்டின் சூளையிலிருந்து அதே வில்லை, அதே துளை, அதே வெட்டோடு இறங்கியது. அதற்கு ஒரு பெட்டி சரக்கு தேவையில்லை. ஒரே ஒரு வில்லை கையில் கிடைத்தால் அச்சு எடுத்துவிடலாம்.

முதலாளி சம்சுதீன் பாயின் மகன் இஃப்திகார். ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறார். சின்ன பாய் என்று கூப்பிடுவோம். ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நெலவா, கதவ சாத்து. ஒக்காரு."

உட்காரவில்லை.

"அந்த வில்ல எப்படிப்பா வெளிய போச்சு?"

"தெரியல பாய்."

"சூளையிலேருந்து போயிருக்கணும், இல்ல செக்கிங்ல இருந்து, இல்ல உன் பேக்கிங்ல இருந்து. அதுவா நடந்து போவாது. நீ பேச மாட்ட, ஆனா எல்லாத்தையும் பாப்ப. பாத்து எங்கிட்ட சொல்லு."

உன் பேக்கிங் என்று அவர் சொன்னதும் எனக்குப் பெட்டிகளின் பின்பக்கம்தான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தபின் கால்மணி நேரம் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கவிதைப் புத்தகம் படிப்பது வழக்கம். வேலை நேரத்தில் போனும் கூடாது, புத்தகமும் கூடாது என்பது சின்ன பாய் வந்த பிறகு போட்ட சட்டம். போனோடு பிடிபட்ட ஒரு பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை, ஒருவரைத் தவிர. ஒருமுறை அது பெட்டி இடுக்கு வழியாக நழுவி செல்வநாயகி அக்காவின் பக்கம் விழுந்துவிட்டது. அவர் எடுத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"என்னா தம்பி, பாதி பக்கம் வெறுமையா உட்டுருக்கான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் தட்டப் போய்விட்டார்.

சின்ன பாயிடம் யாரையாவது காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேறு யாரையாவது அவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு செல்வநாயகி அக்கா செய்தது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. அவருக்கு நாற்பத்தாறு வயது. நல்லூர் போகும் வழியில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் தங்கராசு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகன் வேப்பூர் ஹைவேயில் ஓட்டல் ஒன்றில் வேலை. இரண்டு மாடு, படுக்கையில் மாமியார். காலை நான்கரைக்கு எழுந்தால்தான் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க முடியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது ஒன்றுதான். ஐந்தேகாலுக்கு வேலை முடிகிறது. ஐந்தரைக்கு நல்லூர் பஸ் எஸ்டேட் வாசலில் நின்று போகிறது. அதில் அவர் ஏறுவதில்லை. அடுத்த பஸ் ஆறு இருபதுக்கு. வீட்டில் இவ்வளவு வேலை கிடக்கிற ஒரு மனுஷி எதற்காக ஐம்பது நிமிஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்?

நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். பஸ் வந்தது, நின்றது, போனது. அக்கா மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூடிக் கிடக்கும் கப் கம்பெனிப் பக்கம் நடந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை டீ கப் செய்துகொண்டிருந்த யூனிட் அது. கேட்டில் பூட்டு தொங்கும். அன்று பூட்டு தொங்கவில்லை. உள்ளே மதிலோரமாக நீலநிற மொபெட் ஒன்று நின்றிருந்தது. கேட் உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

அந்த வாரமே தங்கராசு வந்தார். மணி ஐந்தே முக்கால். ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஓவர்டைம் முடிஞ்சிதா? செல்வநாயகிய செத்த கூப்புடேன். எங்கம்மாவுக்கு காச்சலா கெடக்குது."

"ஓவர்டைமா?"

"தெனம் ஆறு வரைக்கும் இருக்குதுல்ல. நாலு வருஷமா இதே பொழப்பு. ஒரு நாளாவது முன்ன உட்றாங்களா பாரு."

எங்கள் யூனிட்டில் ஓவர்டைம் கிடையாது. நான் உள்ளே போவதுபோலப் போய், சூளையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "அந்தாண்ட கேட்டு வழியா கெளம்பிட்டாங்க போலருக்கு அண்ணே" என்றேன். அவர் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டிலும் பொய், இங்கேயும் ஒளிவு. நான்கு வருஷமாக. இனி எனக்கு என்ன சந்தேகம் பாக்கி இருக்கிறது?

மறுநாள் சின்ன பாயிடம் சொன்னேன். நான்காவது தட்டு, மடி, விட்டுப்போன பஸ், மொபெட், இல்லாத ஓவர்டைம். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"மடியில வச்சது மூணு தொள வில்லையா?"

பத்தடி தூரத்திலிருந்து, கைமறைவில் போகும் ஒரு வில்லையில் துளை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. "ஆமா பாய். அப்படித்தான் தெரிஞ்சுது" என்றேன்.

"அந்த மொபெட்டு யாருதுன்னு பாத்துட்டு வா. அப்பறம் இருக்குது."

அன்று ஐந்தரைக்கு நான் கப் கம்பெனியின் பின்பக்க மதிலோரம் போனேன். வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே மதில் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. பார்ப்பதற்கு முன்னால் கேட்கத்தான் முடிந்தது. பீங்கான் சிமெண்டில் உரசிக்கொண்டு ஓடி நிற்கும் ஒலி. கொஞ்சம் மௌனம். பிறகு ஒரு பெண் குரல்:

"ரைட்டா?"

"ரைட்டு."

"ரைட்டா?"

"ரைட்டு."

"ரைட்டா?"

"தப்பு. வெளிய வா."

சாம்பிளைச் சரிபார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்துத் தேறியதையும் தேறாததையும் பிரிக்கிறார்கள். இடிந்த இடத்தில் கால் வைத்து ஏறித் தலையை நீட்டினேன்.

கப் காயவைக்கும் தளம் அது. வழவழப்பான சிமெண்ட். அதில் சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தது. எட்டுக் கட்டம், தலைப்பக்கம் ஒரு அரைவட்டம். செல்வநாயகி அக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தை மேலே நிமிர்த்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நெற்றியில் ஒரு வில்லையைக் கீழே விழாமல் வைத்தபடி கட்டத்துக்கு வெளியே வந்துகொண்டிருந்தார். வலது முழங்காலில் மூட்டுவலிக்குப் போடும் பழுப்புநிறப் பட்டை. சுவரோரம் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தது வீராயி. மூடிய கம்பெனியைக் கூட்டிப் பெருக்கக் கம்பெனிக்காரர் வைத்திருக்கும் ஆள், சாவி அவரிடம்தான். இன்னொருவர் துப்பட்டாவைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார். பக்கத்து யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதும் சாதிகா. வீட்டுக்காரர் குவைத்தில். மொபெட் அவருடையது.

சாதிகாதான் என்னை முதலில் பார்த்தார்.

"மதில்ல ஒரு தல மொளச்சிருக்குது."

அக்கா கண்ணைத் திறந்தார். நெற்றி வில்லை விழுந்து உருண்டது. உடையவில்லை.

"எறங்கி வா தம்பி. முள்ளு குத்தும்" என்றார். குரலில் ஆச்சரியம் இல்லை.

இறங்கிப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீராயி எழுந்து வந்து வில்லையைக் கட்டத்துக்குள் வீசினார். அது மூன்றாவது கட்டத்தில் வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அரை விரல் தள்ளி நின்றது.

"விரிசல் உட்டத எடுத்தா நாலு வீச்சுல பொளந்துடும்" என்றார் அக்கா, நான் கேட்காத கேள்விக்கு. "பொளந்த ஓரம் கால கிழிக்கும். நல்லா ஒலிக்கறதுதான் நழுவிப் போய் நிக்கும். பெரும்பாலும் கற உழுந்தது, எப்படியும் கூடைக்குப் போறதுதான் எடுப்பேன். ரெண்டு மூணு நல்லதும் எடுத்துருக்கேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"எப்பலேருந்துக்கா?"

"நாலு வருஷம் முந்தி ஒரு நாளு பஸ்ஸு வரல. ஆறரை வரைக்கும் மூணு பேரும் இங்க நெழலுக்கு ஒதுங்கினோம். இவதான் சுண்ணாம்புக் கட்டிய எடுத்து சும்மா கோடு கிழிச்சா. மறுநாளு பஸ்ஸு சரியாத்தான் வந்துச்சு. எனக்குத்தான் ஏறத் தோணல. வூட்டுக்காரருகிட்ட ஓவர்டைம்னு..."

"போச்சு" என்றார் சாதிகா. "ஒரு ஆட்டம் போச்சு. ஒக்காரு."

"தம்பிக்கு வெவரம் சொல்றேன்டி."

"யாருக்குச் சொன்னாலும் வூட்டுப் பேச்சு வூட்டுப் பேச்சுதான்."

வீராயி எனக்கு விளக்கினார். கட்டத்தின் அருகே நின்று புருஷன், மாமியார், பிள்ளை, அடுப்பு, மாடு எதைப்பற்றிப் பேசினாலும் ஒரு ஆட்டம் உட்கார வேண்டும். நான்கு வருஷமாகச் சட்டம் அதுதான். அதிகம் உட்கார்ந்தது சாதிகாவாம்.

"சின்ன வயசு ஞாபகம் வருமா அக்கா?" என்று கேட்டேன். புத்தகத்தில் படித்ததுபோல ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சின்ன வயசுல எனக்கு ஆட வராது தம்பி. எங்க தம்பிய இடுப்புல வச்சுகிட்டு வேடிக்க பாப்பேன். இப்பதான் நல்லா ஆடறேன்." ஐந்தாவது கட்டத்தைக் காட்டினார். அதில் பெருக்கல் குறி போட்டிருந்தது. "இது என் பழம், நான் ஜெயிச்ச கட்டம். இவளுங்க தாண்டித்தான் போவணும். நான் ரெண்டு காலையும் ஊனி நிக்கலாம்."

நான் போக எழுந்தபோது கேட் வரை வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். திருடின்னு வேலய உட்டு நிறுத்தினாக்கூட வேற வேல தேடிக்குவேன். நாப்பத்தாறு வயசுல நொண்டியடிச்சுகிட்டு நிக்கிறேன்னு எங்கூர்ல தெரிஞ்சா, அடுத்த நாளு பஸ்ஸ உட எனக்கு வழி இருக்காது. பாத்து சொல்லு."

நான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் சின்ன பாயிடம் உண்மையைச் சொன்னேன். அதுவரை நான் சொன்ன எதையும் அவர் இவ்வளவு சந்தேகமாகக் கேட்டதில்லை.

"என்னா ஆடறாங்க?"

"பாண்டி பாய்."

"எந்தப் பாண்டி?"

"நொண்டி அடிப்பாங்கல்ல. கட்டம் போட்டு."

"செல்வநாயகியா? அத்தா காலத்துலேருந்து இருக்கறவங்க. மூட்டுவலின்னு போன மாசம் லீவு கேட்டாங்க." பேனாவை மூடினார். "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?"

"பாய்..."

"வித்தாங்கன்னு சொல்லு நம்பறேன். கூட்டு சேந்துட்டாங்கன்னு சொல்லு நம்பறேன். நேத்து மூணு தொள இருந்துதுன்ன. இன்னிக்கி பாண்டிங்கற. நாளையிலேருந்து வர வேணாம்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு. நீ இருக்கறதா வேணாமான்னு அப்பறம் பாத்துக்கலாம்."

அந்தப் பத்தடியை நடந்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அக்கா தட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். மூன்றாவது தட்டு விழும்வரை கேட்டார். வில்லையை வலப்பக்கத் தட்டில் வைத்தார்.

"பாய அஞ்சரைக்கு அங்க வரச் சொல்லு. வரலன்னா நாளைக்கு நான் வரல. அதுவரைக்கும் இந்தத் தட்ட முடிச்சிடறேன்."

அடுத்ததை எடுத்தார். பிறகு, தலையைச் சாய்த்தபடியே கேட்டார்:

"மூணு தொள இருந்துதுன்னு சொன்னியா தம்பி?"

அறைக் கதவை அன்று நான் சாத்தவில்லை. பேச்சு அவர் காதுவரை வந்திருக்கிறது.

"நான் ஒவ்வொண்ணயும் மூணு தரம் தட்டிப் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

சின்ன பாய் வந்தார். முகத்தில் நம்பிக்கை எதுவும் இல்லை. பொய்யை அதன் இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று வருகிறவரின் நடை. வீராயி எழுந்து நின்றுகொண்டார். சாதிகா துப்பட்டாவை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டார். செல்வநாயகி அக்கா மட்டும் கட்டத்தின் வாசலில் நின்றார்.

"ஆடுங்க பாக்கலாம்" என்றார் சின்ன பாய்.

அக்கா சேலையைச் செருகினார். வில்லையை வீசினார், இரண்டாவது கட்டத்தில் சரியாக விழுந்தது. இடது காலைத் தூக்கினார். ஒரு நொண்டி, இரண்டாவது கட்டத்தைத் தாண்டி மூன்றாவதில். மூன்றாவதில் கால் கோட்டின்மேல் விழுந்தது.

ஆளைப் பிடித்துவிட்டதுபோல சின்ன பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுட்டு" என்றார் சாதிகா. "மொதலாளி பாத்தாலும் கோடு மிதிச்சா அவுட்டுதான். தள்ளு, என் ஆட்டம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வில்லையை எடுத்து வீசி ஒற்றைக் காலில் போனார். துப்பட்டா சரிந்ததைப் பார்க்கவில்லை. எட்டுக் கட்டமும் போய்த் திரும்பி வந்து, குனிந்து வில்லையை எடுத்துக்கொண்டு வெளியே குதித்தார். மூச்சு வாங்கியது.

"ஷார்ஜால வெள்ளிக்கெழம காலையில கார் நிறுத்தற எடத்துல நாங்க கிரிக்கெட் ஆடுவோம்" என்றார் சின்ன பாய், யாரிடம் என்றில்லாமல். "அது ஆம்பளைங்க. வாரமெல்லாம் வேல பாத்துட்டு ஆடறது."

"நாங்க வாரமெல்லாம் என்னா செய்யறோம்னு நெனச்சீங்க பாய்?" என்றார் சாதிகா.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். சுவரில் சாம்பல்நிற மேடை ஒன்று இருந்தது, முன்பு கப் அடுக்கியது. அதில் பத்துப் பன்னிரண்டு வில்லைகள் கிடந்தன. நான்கு வருஷத்தில் எடுத்தவற்றில் உடையாமல் மிச்சம் இருந்தவை. சின்ன பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் பழைய மாடல். துளையில்லாத வழவழப்பு வில்லைகள்.

"மூணு தொள எங்க?"

"அது ஓடாது பாய்" என்றார் வீராயி. "வெட்டுல தட்டிகிட்டு நின்னுடும். அத வச்சு எவ ஆடுவா?"

சின்ன பாய் ஒரு வில்லையைத் திருப்பினார். அடிப்பக்கத்துப் பளபளப்பு முழுக்கத் தேய்ந்து, சொரசொரப்பாக, ஒரே திசையில் கீறல் விழுந்திருந்தது. அவர் ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தாலும் செராமிக்காரர் வீட்டுப் பிள்ளை. சூளையில் ஏற்பட்ட குறை எது, தரையில் தேய்ந்த தேய்மானம் எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. விற்கப்போகிற வில்லையை யாரும் மாதக்கணக்கில் தரையில் தேய்க்க மாட்டார்கள். பைக் சாவியால் அதைத் தட்டினார். இவ்வளவு அடிபட்டும் நீளமாக ஒலித்தது.

"எடுத்தது எடுத்ததுதான்" என்றார்.

"ஆமா பாய்" என்றார் அக்கா.

"செக்கிங் மேசையில இனி வேணாம். பிசிர் சீவற எடத்துக்குப் போயிடுங்க."

"சரி பாய். எங்க வூட்ல..."

"போச்சு" என்று வாய்க்குள்ளேயே சொன்னார் சாதிகா.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்" என்றார் சின்ன பாய். வில்லையை மேடையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவற்றைத் திரும்பக் கேட்கவில்லை.

அச்சிலிருந்து எடுத்த ஈர வில்லையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மண்ணைக் கத்தியால் சீவுவதுதான் பிசிர் சீவுவது. அங்கே தட்டிப் பார்க்க எதுவும் இல்லை. ஈரமண் ஒலிக்காது. அந்தப் பிரிவு ஆறு மணிக்குத்தான் முடியும். வீட்டில் நான்கு வருஷமாக அக்கா சொல்லிவந்த ஆறு மணி இப்போது நிஜமாகிவிட்டது. தங்கராசு வந்து கேட்டாலும் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு அக்கா வேகமாக நடப்பார். ஆறு இருபது பஸ்ஸுக்குள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஆட்டம்தான் கிடைக்கும். சாதிகாவும் வீராயியும் அதுவரை ஆடாமல் காத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் மதிலுக்குப் போவதில்லை.

செக்கிங் மேசைக்கு காவியா என்று ஒரு புதுப்பெண் வந்தாள். ஒரு வில்லையை ஒருமுறைதான் தட்டுவாள். கரண்டிக் காம்பை அக்கா கொண்டுபோய்விட்டதால் அவளுக்கு ஸ்குரூ டிரைவர். விரிசல் உள்ளவை என் பெட்டிவரை வர ஆரம்பித்தன. நான் அடுக்கும்போது காதில் வைத்துத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. தண்ணீர்க் குடத்தடியில் பார்த்தால், "சாப்டியா தம்பி" என்பார். "சாப்டேன்க்கா" என்பேன். என்னிடம் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தை மாதம், பொங்கல் லீவுக்கு முந்தின நாள், சின்ன பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் வழக்கம்போல ஓரமாக நின்றிருந்தேன். கிளாஸோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த மூணு தொள வில்ல இருக்குதுல்ல நெலவா. நம்மகிட்ட சரக்கு எடுக்கற பார்ட்டியே அந்த யூனிட்காரங்ககிட்ட ஒண்ண குடுத்து, இதேபோல கொறஞ்ச ரேட்டுல செஞ்சு தருவீங்களான்னு கேட்டிருக்கான். இப்பதான் தெரிஞ்சுது. இங்கேருந்து எதுவும் போவல."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப எனக்கு எல்லார்மேலயும் சந்தேகம். உம்மேலயுந்தான். சோத்துக்கு அப்பறம் பெட்டிக்குப் பின்னாடி போயிடுவியே தெனமும். உங்கிட்ட கேக்கறதுக்கு ஒரு வாரம் முந்தி, உன்னக் கவனிக்கச் சொல்லி செல்வநாயகிகிட்ட சொல்லியிருந்தேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க பாய்?"

"மூணு தரம் கேட்டேன். அந்தத் தம்பி சும்மா கண்ண மூடிகிட்டு ஒக்காந்திருக்குது, கையில ஒண்ணும் இல்லன்னாங்க. மூணு தரமும்."